வெளங்கிடும்

கடல் அதோ இருக்கு, நாப்பது அடி தள்ளி. நான் இங்க மணல்ல குப்புறப் படுத்து நீச்சலடிக்கிறேன். அம்பத்தேழு வயசு. அம்பத்தூர் எஸ்டேட்ல பிரஸ் ஷாப்புல முப்பத்துநாலு வருஷம் நின்ன ஒடம்பு. அத ஒரு கறுப்பு ஒட்டுச் சட்டைக்குள்ள திணிச்சு, சட்டை தொப்பையத் தாண்ட மாட்டேன்னு அடம்புடிச்சு, ரெண்டு பேர் சேந்து இழுத்து எறக்கி, இப்ப ஒரு நீளப் பலகை மேல பல்லி மாதிரி போட்டு வச்சிருக்காங்க. ஒரு நாய் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருக்கு. அதுக்காவது உக்கார எடம் குடுத்திருக்காங்க. "வலியுங்க ஐயா, ரெண்டு கையாலயும் வலியுங்க"ன்றான் ரிஃப்கான். சர்ஃபிங் கத்துக்குடுக்கற மாஸ்டர், இந்தப் பொத்துவில் ஊர்க்காரன், முப்பது வயசு இருக்கும். "என்ன, வலிக்கல்லையா?" "வலிக்குதுப்பா, தோள்பட்டை ரெண்டும் வலிக்குது"ன்னேன். அவன் சிரிச்சான். இந்த ஊர்ல வலிக்கிறதுன்னா துடுப்பு போடறதாம். ஒரே பாஷை, பயமே இல்ல, சிலோன்ல நம்மளுக்கு எல்லாம் புரியும்னு சொல்லித்தான் என்னைக் கெளப்பினாங்க. எங்க புரியுது? கொஞ்ச நேரம் முன்னாடி, "கண்ணாடியயும் போனையும் தாத்தாகிட்ட குடுங்க"ன்னான். நான் சுத்திமுத்திப் பாத்தேன். எந்தக் கெழவனும் இல்ல. ஓலைக் கொட்டாய்க்குக் கீழ பிளாஸ்டிக் சேர்ல முக்காடு போட்ட ஒரு பொம்பள, முப்பத்தஞ்சு வயசு, கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. "அதான் தாத்தா. எனக்கு மூத்தவ"ன்னான். அக்காவ தாத்தான்னு கூப்புடறாங்க. என் பொண்ணு மோகனா அதுக்குச் சிரிச்சா. பத்து வாரத்துல இதான் முத சிரிப்பு. என்னைப் பாத்துச் சிரிக்கல. நாயப் பாத்துச் சிரிச்சா.

"அலை பின்னுக்கால வந்து தள்ளும். தள்ளினவுடன கைய ஊண்டி கெதியா, சட்டெண்டு எழும்புங்க. நிக்கக்குள்ள கீழ பாக்கப்படாது, கரையப் பாருங்க. விழுந்தா பலகைய விட்டுடுங்க, அது கயித்துல இருக்கு, எங்கயும் போகாது. முக்கியம் என்னெண்டா, உங்களுக்கும் அலைக்கும் நடுவுல பலகைய வச்சுக்கப்படாது. அடிச்சிடும். விளங்குதா?" கோவம் அங்கதான் ஆரம்பிச்சுது. இல்ல, கோவம் முன்னாடியே இருந்துச்சு, மெட்ராஸ்லேர்ந்தே எடுத்துட்டு வந்திருக்கேன், ஏர்போர்ட்ல அத மட்டும் யாரும் எடை போடல. அந்த வார்த்தைல போய் மாட்டிக்கிச்சு, அவ்ளோதான். விளங்குதான்னா புரியுதான்னு அர்த்தம். தெரியும். நான் ஒண்ணும் படிக்காதவன் இல்ல. பகல்ல பிரஸ்ல தகரம் அடிச்சுட்டு, ஏழு மணிக்கு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல போய் உக்காந்து பத்தாவது எழுதினவன். சின்னப் பசங்க பெஞ்சு, முட்டி உள்ள போகாது, பக்கவாட்டுல திரும்பித்தான் எழுதணும். ஏதேனும் ஐந்தனை விளக்குகன்னு கேள்வி வரும். நான் ஏழு விளக்கி வச்சேன், எதுக்கும் இருக்கட்டும்னு. ஆனா அர்த்தம் தெரியறது மண்டை. காது வேற. எங்க தெருவுல அந்த வார்த்தைக்கு ஒரே வேலதான். வெளங்காதவன். வெளங்காத மூஞ்சி. வெளங்கிடும். அதுவும் அந்தக் கடைசி ஒண்ணு என் வார்த்த. என் சொந்தச் சொத்து. கம்பெனில புது மெஷின் வந்து எறங்கி எல்லாரும் சூடம் காட்டுவாங்க, நான் ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, கொஞ்சம் நிறுத்தி, வெளங்கிடும்பேன். ஷாப்பே சிரிக்கும். பசங்க அத என்னை மாதிரியே சொல்லிப் பாப்பாங்க, ஒருத்தனுக்கும் வராது. அந்த நிறுத்தல்லதான் விஷயம் இருக்கு. எவ்ளோ நேரம் நிறுத்தணும்னு யாருக்கும் தெரியாது. மோகனா கல்யாணத்தன்னிக்குப் பந்தில உக்காரும்போது மழ கொட்டிச்சு, சொன்னேன், சம்பந்தி ஏகாம்பரம் எலைல தண்ணி தெளிக்க மறந்துட்டு சிரிச்சாரு. அப்புறம் எட்டு மாசம் கழிச்சு இவ போன் பண்றா, "அப்பா, நான் அரக்கோணம் ஸ்டேஷன்ல இருக்கேன். பொட்டிய எடுத்துட்டு வந்துட்டேன். இனிமே அங்க போகமாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினேன். வெளங்கிடும்னேன். அந்தப் பக்கம் யாரும் சிரிக்கல. வண்டி வர அனௌன்ஸ்மெண்ட் மட்டும் கேட்டுச்சு.

தண்ணி சில்லுன்னு இருக்கும்னு நெனச்சேன், இல்ல, வெதுவெதுன்னு இருக்கு, குழந்தையக் குளிப்பாட்டறதுக்கு வெளாவின மாதிரி. அதுவும் எனக்கு எரிச்சலா இருக்கு. இடுப்பளவு தண்ணில நிக்கிறேன், கால்ல கயிறு, கயித்து முனைல பலகை, மாடு கட்டினாப்ல, ஆனா யார் மாடு யார் கம்பம்னு தெரியல, அது போற பக்கம் நான் போறேன். கண்ணாடி இல்லாம உலகமே அழிரப்பர் போட்ட மாதிரி இருக்கு. மோகனா ஒரு நீல அழுக்கு, ரிஃப்கான் ஒரு பழுப்பு அழுக்கு. அலை மட்டும் தெரியுது, அது காதால. எனக்கு அலை புதுசு இல்ல. பிரஸ் மாதிரிதான் வருது. மேல ஏறும், ஒரு நொடி நிக்கும், எறங்கும். அந்த ஒரு நொடிக்குள்ள கைய எடுத்துடணும், எடுக்காதவன் கைல வெரல் மூணுதான் இருக்கும், எங்க ஷாப்புல ரெண்டு பேர் இருக்காங்க. எண்ணிப் பாத்தேன். அஞ்சு சின்னது, ரெண்டு பெருசு. திரும்ப அஞ்சு சின்னது, ரெண்டு பெருசு. சரி, இது பிடிபடும்னு நெனச்சேன், அப்ப நாலாவதே பெருசா வந்துச்சு. மெஷினாவது சொன்ன பேச்சு கேக்கும். என்ன செஞ்சேன்? முப்பத்துநாலு வருஷம் கை உள்ள போகாம மறைக்கற கார்டு இல்லாம பிரஸ் ஓட்டாதன்னு பசங்கள திட்டினவன் என்ன செய்வான்? பலகையத் தூக்கி முன்னாடி புடிச்சேன், கார்டு மாதிரி. அலை பலகைல அடிச்சுது, பலகை என் வாய்ல அடிச்சுது. தண்ணிக்குள்ள போனேன், மேல எது கீழ எதுன்னு தெரியல, காதுக்குள்ள ஆயிரம் டிரம்மு, மூக்கு வழியா உப்பு மண்டைக்கே ஏறுது, சரி முடிஞ்சுது, ஏகாம்பரம் ஞாயித்துக்கெழம வந்து கதவத் தட்டுவாரு, எம்பொண்டாட்டி கஸ்தூரி தொறந்து, அவரு சிலோன்லயே நின்னுட்டாருன்னு சொல்லுவா. அப்புறம் எழுந்து பாத்தா தண்ணி தொடையளவுதான். ஒதடு கிழிஞ்சிருக்கு. "நடுவுல வச்சுக்கப்படாதெண்டு சொன்னேனே ஐயா"ன்றான் ரிஃப்கான். "விளங்கல்லையா?" விளங்கலடா. நான் வெளங்காதவன். எழுதி வச்சுக்கோ.

ஞாயித்துக்கெழம. இன்னிக்கு புதன். வெள்ளி ராத்திரி வீடு போய்ச் சேருவோம். ஞாயித்துக்கெழம அரக்கோணத்துலேர்ந்து நாலு பேர் வராங்க, நான்தான் வரச்சொன்னேன். ஏகாம்பரம் போன்ல அவ்ளோ மரியாதையாப் பேசறாரு, "சம்பந்தி, சின்னஞ்சிறுசுங்க, நாமதானே எடுத்துச் சொல்லணும், நாங்க வரோம், நல்லபடியா அனுப்பி வைங்க." "வாங்க சம்பந்தி, நான் பேசி வைக்கறேன், வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னுட்டேன். வாக்கு குடுத்துட்டேன். மோகனாவுக்குத் தெரியாது. இங்க வச்சுச் சொல்லிடணும்னுதான் வந்ததே. அவ ஆபீஸ்ல லீவு கெடக்குதுன்னு மூணு பேருக்கும் டிக்கெட் போட்டா. கெளம்பறதுக்கு மொத நாள் கஸ்தூரிக்கு முட்டி வலி வந்துருச்சு. தெனம் மார்க்கெட்டுக்கும் மார்க்கெட்லேர்ந்தும் நடக்கற முட்டி. "நீங்க ரெண்டு பேரும் போய் வாயத் தொறந்து பேசிட்டு வாங்க"ன்னு கதவுகிட்ட நின்னு கையாட்டறா, நொண்டக்கூட மறந்துட்டு. கொழும்புலேர்ந்து இங்க வர்றதுக்கு ஏழு மணி நேரம் வேன். சொல்லலாம்னு வாயெடுப்பேன், ஒரு யானை வரும். நெஜமாவே வந்துச்சு, ரோட்டோரமா. டிரைவர் சுனில் நிறுத்திக் காட்டினான். நான் சுனிலப் பாத்து "நல்லாருக்கு"ன்னேன். மோகனாவும் சுனிலப் பாத்து "நல்லாருக்கு"ன்னா. ஏசி கொறைக்கணும்னா சுனில்கிட்ட. டீ குடிக்கணும்னா சுனில்கிட்ட. அவனுக்குப் பாதி தமிழ்தான் தெரியும், அந்தப் பாதில எங்க குடும்பத்தையே ஓட்டிட்டு வந்தான்.

அங்க பாரு, எழுந்துட்டா. மூணாவது அலைலயே எழுந்துட்டா. நீல அழுக்கு நிமிந்து நிக்கிது, கைய ரெண்டு பக்கமும் விரிச்சு, பலகை சொய்ங்னு கரைக்குப் போகுது, ரிஃப்கான் கத்தறான், கொட்டாய்லேர்ந்து அந்த தாத்தா கைதட்டறா. எனக்குக் கை தட்டணும்போலத்தான் இருந்துச்சு. பலகைய யார் புடிக்கறது? அவ திரும்பி இந்தப் பக்கம் பாக்கல. சின்னதுல சைக்கிள் ஓட்டினா, ஒத்தக் கைய விட்டா, தோசையக் கிழியாம எடுத்தா, எல்லாத்துக்கும் "பாருப்பா, பாருப்பா"ன்னு உசுர எடுப்பா. இப்ப அலை மேல நிக்கிறா, ஒரு சத்தம் இல்ல. சரி, இவளுக்கு என்னதான் கொற? நான் பாத்த மாப்ள. தினகரன். கவர்மெண்ட் வேல. குடிச்சானா? இல்ல. அடிச்சானா? இல்ல, விசாரிச்சுட்டேன், அக்கம்பக்கத்துலயும் விசாரிச்சுட்டேன். பொண்ணு பாக்க வந்தப்பவே ஏகாம்பரம் சொன்னாரு, எம்பையன் அதிர்ந்து ஒரு வார்த்த பேசமாட்டான்னு. எனக்கு அதுலதான் புடிச்சுப்போச்சு. எங்க ஷாப்புல பேச்சே கத்தறதுதான், எங்கப்பன் வீட்டுல பேச்சே வசவுதான், அதிர்ந்து பேசாத ஒரு ஆள்கிட்ட எம்பொண்ணு இருக்கட்டுமேன்னு. ஏகாம்பரம் பொய் சொல்லல. நாப்பத்தோரு நாள் அவன் இவகிட்ட ஒரு வார்த்த பேசலயாம். அதிர்ந்தும் பேசல, அதிராமயும் பேசல. என்னமோ ஒரு சண்ட, அவன் சட்டைய இவ லாண்டரில போட மறந்துட்டா, அதுல ஆரம்பிச்சு. ஒரே ரூம்ல உக்காந்துக்கிட்டு அவங்கம்மாகிட்ட சொல்லுவானாம், அவளுக்கு சாதம் வேணுமான்னு கேளு, அவள லைட்ட அணைக்கச் சொல்லு. அந்தம்மாவும் இவ பக்கம் திரும்பி, லைட்ட அணைக்கணுமாம்னு சொல்லுவாங்களாம். "ரூம்ல ஒரு பீரோ இருக்கும்ல, அந்த மாதிரி இருந்தேம்மா"ன்னு இவ கஸ்தூரிகிட்ட சொல்ல, கஸ்தூரி எங்கிட்ட சொன்னா. இதெல்லாம் ஒரு காரணமா? பேசாம இருக்கறது ஒரு குத்தமா? எந்தப் போலீஸ் ஸ்டேஷன்ல எழுதுவான் இத? ஆம்பள கோவத்துல நாலு நாள் பேசாமதான் இருப்பான். நான் இருந்ததில்லையா? நாலு நாள் வேற, நாப்பத்தோரு நாள் வேற, அது எனக்கும் தெரியுது. ஆனா அதுக்குன்னு பொட்டியத் தூக்கிட்டு வரதா? எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் போய்க் கேட்டிருப்பேன்ல, ஏண்டா உனக்கு வாய்ல என்ன கொழுக்கட்டையான்னு? எங்கிட்ட சொல்லல. எப்படிச் சொல்லுவா, போன் பண்ணாளே, ஸ்டேஷன்லேர்ந்து பண்ணாளே, நான்தான். சரி விடு. அத விடு. திரும்பத் திரும்ப அங்கயே போய் நிக்கிது, அரக்கோணம் ஸ்டேஷன்ல, எந்த வண்டில ஏறினாலும்.

இன்னொரு தடவ ஏத்தினான். பலகையப் புடிச்சு, கரைப் பக்கம் திருப்பி, "வருது, வருது, வலியுங்க"ன்னு தள்ளி விட்டான். கைய ஊண்டினேன். முட்டி வந்துச்சு, பாதம் வரல. முட்டி போட்டுக்கிட்டே பத்தடி போனேன், கோயில்ல வேண்டுதல் நிறைவேத்தறவன் மாதிரி, அப்புறம் பலகை சரிஞ்சு என்னைக் கொட்டிட்டுப் போயிடுச்சு. வாய் நெறைய உப்பும் ரத்தமும். போதும்டா சாமி. யாருக்காக இதெல்லாம்? எந்த எழவுக்கு? இந்தக் கடல் யாரோடது, இந்தப் பலகை யாரோடது, எட்டு மணி ஷிப்டுக்குப் போற ஆள் எதுக்கு இங்க வந்து வெளுத்த தேங்கா மாதிரி மெதக்கணும்? மூணு பேரும் ஒரே எடத்துக்கு வந்திருந்தோம், ரிஃப்கான் நடுவுல, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மோகனா, கை நீட்டினா தொடற தூரம். கண்ணாடி இல்லாமயே மொகம் தெரியற தூரம். ரிஃப்கானப் பாத்துச் சொன்னேன், "எனக்குப் போதும். நான் கரைக்குப் போறேன்னு அவகிட்ட சொல்லுப்பா."

அவன் என்னைப் பாத்தான். அவளப் பாத்தான். ரெண்டு பக்கமும் தலையத் திருப்பிட்டு, பாவம், நெஜமாவே ஒண்ணும் புரியாம கேட்டான். "இந்தா நிக்கிறாங்களே ஐயா. நீங்களே சொல்லுங்களேன். ஏன், உங்கட பாஷை அவங்களுக்கு விளங்காதா?"

ஒரு சின்ன அலை வந்து எங்க மூணு பேர் வயித்துலயும் தட்டிட்டுப் போச்சு. நான் சொன்னது எனக்கே திரும்பக் கேட்டுச்சு. அவகிட்ட சொல்லு. யார் பேச்சு இது? அவள லைட்ட அணைக்கச் சொல்லு. அவகிட்ட சொல்லு. பத்து வாரமா எங்க வீட்டுல என்ன ஓடுது? கஸ்தூரி, அவகிட்ட சொல்லு, பால்காரன் வந்துட்டான். கஸ்தூரி, அவ சாப்பிட்டாளான்னு கேளு. கூடத்துல இவ உக்காந்திருப்பா, நான் பேப்பர் படிப்பேன், கஸ்தூரி அடுப்படிலேர்ந்து ஓடி வந்து நடுவுல நின்னு அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு குடுத்துட்டுப் போவா. அந்த முட்டி வலிச்சிருந்தா அதுக்குத்தான் வலிச்சிருக்கும். நாப்பத்தோரு நாள் அவன். எழுவது நாள் நான். அவனுக்காவது அவ எட்டு மாசப் பழக்கம். எனக்குக் கோவம் வந்துச்சு பாருங்க, இவ்ளோ நேரம் வந்ததெல்லாம் கோவமே இல்ல, அது சும்மா பொகை. இது அடிவயித்துலேர்ந்து வருது, யாரத் திட்டறதுன்னு தேடுது, தினகரனத் திட்டுது, அதிர்ந்து பேசமாட்டான்னு பெருமையாச் சொன்ன ஏகாம்பரத்தத் திட்டுது, அதக் கேட்டு மயங்கின மடையனத் தேடி வந்து நேரா எங்கிட்டயே நிக்கிது. மோகனா மொகத்தப் பாத்தேன். அழுதிருந்தாக் கூடப் பரவால்ல, மொறச்சிருந்தாப் பரவால்ல. ஒண்ணுமே இல்ல. ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு ஆள் நிக்கறது அவளுக்குப் பழகிப்போயிருந்துச்சு. ரிஃப்கான் வாயத் தொறந்து அவகிட்ட சொல்லுவான்னு காத்துக்கிட்டு நின்னா, பீரோ மாதிரி.

"மோகனா"ன்னேன். ரொம்ப நாள் ஓட்டாத மெஷின் மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு.

"ஒதட்டுல ரத்தம் வருதுப்பா."

"வரட்டும். ஞாயித்துக்கெழம ஏகாம்பரம் வராரு. உன்னைக் கூட்டிட்டுப் போக. நான்தான் வரச்சொன்னேன்."

"தெரியும். அம்மா சொன்னாங்க."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"நீ சொல்றியான்னு பாத்தேன்." பலகைமேல ஒட்டின மணல வெரலால தள்ளிக்கிட்டே சொன்னா. "ஞாயித்துக்கெழம காலைல நான் ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிடறதா இருந்தேன். அப்புறம் வரதா இல்ல."

எங்க வீட்டுக்கா வரதா இல்லன்னு கேக்க வந்தேன். கேக்கல. கேட்டா பதில் வரும். ரிஃப்கான் வானத்தப் பாத்தான், அவனுக்கு இப்ப எல்லாமே விளங்கிடுச்சு, எங்க போறதுன்னுதான் தெரியல.

"ஏகாம்பரத்த வரவேணாம்னு சொல்லிடறேன்"னேன். "இன்னிக்கே. நானே சொல்றேன், உங்கம்மாவ விட்டுச் சொல்லச் சொல்லமாட்டேன். எனக்கு விளங்கிடுச்சு."

"என்னாது, பலகையா?"

"பலகை இல்லடீ."

ரொம்ப நேரம் பாத்தா. அலை ரெண்டு போயிருக்கும், நான் எண்ணல. "ஐயா, நல்லது ஒண்ணு வருது"ன்னான் ரிஃப்கான், பேச்சு மாத்த அவனுக்குக் கடல்தான் கெடச்சுது. "கடைசியா ஒருக்கா?" ஏறினேன். ஏறினேன்னா, அவன் ஒரு பக்கம், மோகனா ஒரு பக்கம், சரக்கு ஏத்தற மாதிரி ஏத்தினாங்க. பின்னால அது வர சத்தம் கேட்டுச்சு, ஏறுது, நிக்கிது, இப்ப எறங்கும். தள்ளிச்சு. கைய ஊண்டினேன், ஒரு பாதம் வந்துச்சு, "எழுந்திருப்பா, எழுந்திரு"ன்னு பின்னாலேர்ந்து அவ கத்தறா, ரிஃப்கான் கத்தறதெல்லாம் காதுல ஏறல, அவ கத்தறது மட்டும் ஏறுது, இன்னொரு பாதமும் வந்துச்சு, கீழ பாக்காம கரையப் பாத்தேன், கரை ஒரே வெள்ளை அழுக்கு, நின்னேன். ஒண்ணு. ரெண்டு. ரெண்டே முக்கால்னு வச்சுக்கலாம். அப்புறம் கை காலு பலகை அலை எல்லாம் தனித்தனியாப் போச்சு. இந்தத் தடவ பலகைய விட்டுட்டேன்.

எழுந்து மூஞ்சத் தொடச்சா, மோகனா பக்கத்துல நிக்கிறா. என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு சுத்து பாத்தா, புது மெஷின் வந்து எறங்கினா பாப்பமே, அப்படி. கொஞ்சம் நிறுத்தினா.

"வெளங்கிடும்"னா.

ஷாப்புல ஒருத்தனுக்கும் வராத அந்த நிறுத்தல் அப்படியே இருந்துச்சு, ஒரு நூல் கூடல, ஒரு நூல் கொறையல. கரைக்கு நடந்தேன். காலுல கயித்த அவுக்கல, பலகை பின்னாலயே மணல்ல கோடு போட்டுக்கிட்டு வந்துச்சு, அதுக்குப் பின்னால நாய் வந்துச்சு. கோவம் கொறையல. கொறையவும் வேணாம், இப்ப அதுக்கு ஒரு வேல இருக்கு. கொட்டாய்ல அந்தப் பொம்பள எழுந்து நின்னா. கைய நீட்டினேன்.

"தாத்தா, என் கண்ணாடியயும் போனையும் குடும்மா."